தாழ்ப்பாள் எட்டவில்லை என்று யார் சொல்வது?

(துவக்கப் பள்ளிப் பிள்ளைகளின் குரலைக் கேட்பது பற்றி ஒரு விளக்கக் கட்டுரை)



எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். என் தங்கை நம்ம துவக்கப் பள்ளியில் 3ஆம் வகுப்பு படிக்கிறாள். காலையில் அம்மா பாட்டில் நிறையத் தண்ணி ஊற்றி அனுப்புவாங்க. சாயங்காலம் பாட்டில் அப்படியே திரும்பி வரும். "இன்னாடி இது, ஒரு மடக்கு கூடக் குடிக்கல?" என்று அம்மா தினமும் திட்டுவாங்க. அவள் வாயே திறக்க மாட்டாள். ஒரு நாள் ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு காதில் சொன்னாள்: "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்க்கா. தாப்பா எனக்கு எட்டல. யாராச்சும் கதவைப் புடிச்சுக்கணும். இன்டர்வெல்ல யாருமே வர மாட்டேன்றாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் ஐந்து வருஷம் அதே பாத்ரூமுக்குப் போனவள்தானே! எனக்கும் அப்போது எட்டவில்லை. வளர்ந்ததும் மறந்துவிட்டேன். மறுநாள் ஹெச்.எம். சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர் உடனே போய்ப் பார்த்தாங்க. அந்த வாரமே கதவில் கீழே இன்னொரு தாழ்ப்பாள் மாட்டியாச்சு. ஒரு தாழ்ப்பாள், நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான் செலவு. "இத்தனை வருஷமா யாருமே சொல்லலையேம்மா" என்று சிஸ்டர் வருத்தப்பட்டாங்க.

உண்மைதான், யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் கேட்கவும் இல்லை. பெரியவர்கள் கைக்கு எட்டுகிற தாழ்ப்பாள் சின்னப் பிள்ளைக்கு எட்டாது என்பது அந்தச் சின்னப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

லீடர் இருக்காங்களே, போதாதா?

எல்லா வகுப்பிலும் லீடர் உண்டு. லீடர் என்ன செய்வார்? சாக்பீஸ் எடுத்து வருவார், நோட்டுகளை அடுக்கி ஸ்டாஃப் ரூமில் வைப்பார், மிஸ் இல்லாதபோது 'பேசியவர்கள்' என்று போர்டில் தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவார்.

நானும் 5ஆம் வகுப்பில் லீடராக இருந்தேன். பெருமையாக எழுதுவேன்! ஒரு நாள் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் பெயரை எழுதினேன். மிஸ் வந்ததும் அவன் எழுந்து நின்றான். பக்கத்துப் பையனிடம் "எனக்குக் குளிருதுடா" என்று சொன்னதுதான் அவன் பேசிய பேச்சு. அன்றைக்கு அவனுக்கு நல்ல காய்ச்சல். அவன் பேசினான் என்று மட்டும்தான் நான் எழுதினேன், என்ன பேசினான் என்று கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

அப்படியென்றால் லீடர் வழியாக மேலே இருந்து உத்தரவு கீழே வருகிறது. கீழே இருந்து பேச்சு மேலே போக வழி இல்லை. நமக்கு வேண்டியது அந்த வழிதான்.

சட்டமும் திருச்சபையும் என்ன சொல்கின்றன?

1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் சேர்ந்தது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தை சொன்னபடியே எல்லாம் நடக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கேட்க வேண்டும், எடைபோட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

நம் நாட்டில் 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். ஆனால் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. கத்தோலிக்கப் பள்ளிகளும் அதில் அடங்கும். ஆகவே நம்மைப் போன்ற பள்ளிகளில் பிள்ளைகளைக் கேட்பதும் கேட்காததும் பெரும்பாலும் பள்ளியின் மனசைப் பொறுத்தது.

திருச்சபை இதில் என்ன நினைக்கிறது? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபரில் கல்விக்கான உலக ஒப்பந்தம் பற்றிப் பேசியபோது ஏழு உறுதிமொழிகளைச் சொன்னார். அதில் இரண்டாவதே, குழந்தைகளின், இளையோரின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பது. ஆக, நாம் கேட்பது புதுசாக வந்த அடம் இல்லை!

செய்து காட்டியவர்கள்

1. போலந்து: ஜானுஸ் கோர்சாக் என்ற குழந்தை மருத்துவர் 1912 முதல் வார்சா நகரில் யூத அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருக்கும் நீதிமன்றம் இருந்தது. பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். டாக்டரே அந்தப் பிள்ளைகள் முன் நின்றிருக்கிறார். அறிவிப்புப் பலகையும் கடிதப் பெட்டியும் இருந்தன. 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைக் கொலை முகாமுக்குக் கொண்டுபோனபோது அவர்களைத் தனியே விடாமல் அவரும் கூடவே போய் உயிர் விட்டார். பின்னாளில், 1978இல், குழந்தைகள் உரிமை உடன்படிக்கை வேண்டும் என்று முதலில் முன்மொழிந்ததும் அதே போலந்து நாடுதான்.

2. ராஜஸ்தான்: திலோனியா கிராமத்துப் பக்கம் பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடந்தன. 1990களில் அந்தப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தங்களுக்கு ஒரு பாராளுமன்றம் அமைத்தார்கள். காலையில் ஆடு மேய்த்த சிறுமி மாலையில் பிரதம மந்திரி! வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா என்று அவர்களே பார்த்துச் சொன்னார்கள்.

3. நம் தமிழ்நாடு: கன்னியாகுமரி மாவட்டம் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்த அருட்தந்தை எட்வின் ஜான் தெருவாரியாகக் குழந்தைகள் பாராளுமன்றங்களை வளர்த்தார். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் ஏறத்தாழ 30 பிள்ளைகள் ஒரு பாராளுமன்றம். நம்ம பங்கில் அன்பியம் கூடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரத்துக்கு ஒரு மந்திரி, கல்விக்கு ஒரு மந்திரி என்று எல்லாருக்கும் பொறுப்பு உண்டு. "எனக்கு ஓட்டுப் போடுங்க" என்று யாரும் கேட்பதில்லை. இன்னார் இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்று மற்றவர்கள் காரணம் சொல்லித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம்ம ஏரியாவுக்கு ஏன் ரொம்ப முக்கியம்?

நம்மில் பல பேருடைய அப்பா ஹார்பரிலோ கம்பெனியிலோ வேலை செய்கிறார். அவர்களுக்குக் கேட் மீட்டிங் என்றால் தெரியும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூரில், பின்னி மில் தொழிலாளர்களுக்காக. வேலை செய்கிறவனுக்குத்தான் மெஷின் எங்கே கையைக் கடிக்கும் என்று தெரியும் என்பது வடசென்னைக்குப் பழைய பாடம். வகுப்பறைக்கும் அது பொருந்தாதா?

இன்னொரு காரணம், காற்று. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலுக்குள் போகும் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ வாயு நெடி அடித்துப் பிள்ளைகள் பலருக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நவம்பர் 4 அன்று பள்ளி திறந்ததும் மறுபடியும் சில பிள்ளைகள் மயங்கினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் "மிஸ், ஒரு மாதிரி நாத்தம் வருது" என்று ஒரு 2ஆம் வகுப்புக் குழந்தை சொன்னால் அது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் பத்து தடவை "சும்மா உட்காரு" என்று கேட்டுப் பழகிய குழந்தை பதினோராவது தடவை சொல்லாது. தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லப் பழகிய பிள்ளைதான் ஆபத்தைப் பற்றியும் சொல்லும்.

சின்னப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது?

* வட்டம்: வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பத்து நிமிஷம் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு பந்தைக் கை மாற்ற வேண்டும். பந்து கையில் இருப்பவர் மட்டும் பேசலாம். பேச விருப்பம் இல்லாதவர் அடுத்தவரிடம் தரலாம். அப்போதுதான் வாயாடிகள் மட்டும் பேசாமல் எல்லாருக்கும் முறை வரும்.

* கூட்டிப்போய்க் காட்டுதல்: 1ஆம் வகுப்புக் குழந்தைக்கு எழுத வராது. "உனக்குப் பயமா இருக்கிற இடம் எது? பிடிச்ச இடம் எது? காட்டு பார்ப்போம்" என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

* புளியங்கொட்டை ஓட்டு: இரண்டு டப்பா, இரண்டு படம். விளையாட்டுப் பீரியடில் ஸ்கிப்பிங்கா, பந்தா? ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். எல்லார் முன்னாலும் எண்ண வேண்டும். கூட்டலும் படித்த மாதிரி ஆச்சு!

* இரண்டு பிரதிநிதிகள்: வகுப்புக்கு ஒரு பையன், ஒரு பெண். பருவத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். முதல் ரேங்க் எடுப்பவர்தான் என்று இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை ஹெச்.எம். சிஸ்டருடன் உட்கார்ந்து பேச வேண்டும்.

* பதில் பலகை: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மூன்று கட்டம் போட வேண்டும். 'செய்தாயிற்று', 'செய்வோம், எப்போது?', 'முடியாது, ஏன்?' கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டால், கேட்காமலே இருந்ததைவிடப் பிள்ளைகளுக்கு அதிக ஏமாற்றம். முடியாது என்றாலும் காரணம் தெரிந்தால் மனசு ஆறிவிடும்.

எதைக் கூட்டத்தில் பேசக் கூடாது?

எல்லாவற்றையும் ஓட்டுக்கு விட முடியாது. மெயின் கேட்டைப் பூட்டலாமா, பரீட்சை வேண்டுமா என்பதெல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. அதேபோல் ஒரு பிள்ளையை யாராவது அடித்தார்கள், தப்பாகத் தொட்டார்கள், வீட்டில் கஷ்டம் என்றால் அதை வட்டத்தில் பேச வைக்கக் கூடாது. நம்பிக்கையான ஒரு மிஸ்ஸிடமோ சிஸ்டரிடமோ தனியாகச் சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் காசு இல்லாமல் போன் செய்யலாம். இந்த நம்பரை எல்லாரும் மனப்பாடம் செய்யுங்கள்!

ஆசிரியர்கள் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகள்

"பாடம் முடிக்கவே நேரம் பத்தலை, இதுக்கு எங்க போறது?" நியாயம்தான் மிஸ். வாரத்துக்குப் பத்து நிமிஷம்தான் கேட்கிறோம். அடிக்கடி நடக்கும் சண்டையும் அழுகையும் அங்கேயே தீர்ந்தால் அந்தப் பத்து நிமிஷம் திரும்பக் கிடைத்துவிடும்.

"பிள்ளைங்களுக்கு வாய் நீளுமே?" முறை வைத்துப் பேசவும், அடுத்தவர் பேசும்போது காது கொடுக்கவும், 'முடியாது' என்ற பதிலைத் தாங்கவும் பழகினால் வாய் நீளாது. மரியாதைதான் வளரும். எங்கேயும் பேச இடம் இல்லாத பிள்ளைதான் பாத்ரூம் சுவரில் எழுதுகிறது.

முடிவாக ஒரு வேண்டுகோள்

இந்தச் சுவர் இதழில் வலது பக்கம் கீழே ஒரு சாண் இடம் காலியாக விட்டிருக்கிறோம். அந்த இடத்தைத் துவக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பதில் பலகையாக வைத்துக்கொள்ள அனுமதி தர வேண்டும் என்று ஹெச்.எம். சிஸ்டரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இதழை அவர்கள் கண்ணுக்கு எட்டும்படி ஓர் அடி கீழே இறக்கி மாட்டவும் கேட்கிறோம்.

அக்காமார்களே, நீங்களும் ஒன்று செய்யலாம். வீட்டிலோ தெருவிலோ ஒரு தம்பி தங்கை துவக்கப் பள்ளியில் படித்தால், இன்றைக்கு ராத்திரி "ஸ்கூல்ல உனக்கு எது எட்டல?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

என் தங்கையின் பாட்டில் இப்போதெல்லாம் காலியாகத்தான் வீட்டுக்கு வருகிறது!

கேட்போம்! பதில் சொல்வோம்!

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு