சர்வருக்குத் திரும்பிய பக்கம்

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, ‘சர்வர் டேட்டாவை மட்டும் கொடுத்தால் போதும், பக்கத்தை பிரவுசரே கட்டிக்கொள்ளும்’ என்று சொல்லாத ஜாவாஸ்கிரிப்ட் டெவலப்பரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்று அவர்களில் பலர், பக்கத்தை சர்வரிலேயே தயாரித்து அனுப்புவதுதான் முறை என்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடித்ததுபோல அதைச் சொல்வதுதான் வேடிக்கை.

1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. செய்ததும் அதைத்தான். அந்தக் காலத்துப் பக்கம் என்பது ஒரே ஒரு ஃபைல். மேலே டேட்டாபேஸ் இணைப்பு, நடுவில் எஸ்.க்யூ.எல்., கீழே எச்.டி.எம்.எல். டேபிள். ஃபார்மில் பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்.க்யூ.எல். வரிக்குள் ஒட்டினார்கள். ஒற்றை மேற்கோள்குறி தெரிந்த எவனாலும் டேட்டாபேஸைக் கேள்வி கேட்க முடிந்தது. ‘ரெஜிஸ்டர் குளோபல்ஸ்’ என்று ஒரு வசதி வேறு. முகவரியின் வாலில் ‘அட்மின்=1’ என்று சேர்த்தால், நிரலுக்குள் அதே பெயரில் ஒரு மாறி தானாக முளைத்துவிடும். 2002இல்தான் அது இயல்பாக அணைக்கப்பட்டது. மொழியிலிருந்தே எடுக்க 2012 ஆயிற்று.

அன்று நல்ல நடைமுறை என்பது முழுக்க டெவலப்பரின் ஞாபகத்தில் இருந்தது. பயனர் எழுதியதைத் திரையில் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் அதற்குள் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஓடாதபடி மாற்றிக் காட்ட வேண்டும். நூறு இடங்களில் தொண்ணூற்றொன்பதில் செய்து ஒன்றில் மறந்தால் ஒன்றிலும் செய்யாததற்குச் சமம். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் சாமி காம்கர் என்ற இளைஞர் தன் சுயவிவரப் பக்கத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்தார். மைஸ்பேஸ் அதையெல்லாம் வடிகட்டத்தான் செய்தது. அவர் வடிகட்டியின் ஓட்டை வழியே நுழைந்தார். பக்கத்தைப் பார்த்தவர்களெல்லாம் தாங்களே அறியாமல் அவருக்கு நண்பர் கோரிக்கை அனுப்பினார்கள். ஒரு நாள் முடிவதற்குள் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது.

வங்கித் தளங்களிலும் ரயில் டிக்கெட் தளங்களிலும் ‘பேக் பட்டனை அழுத்தாதீர்கள், ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள்’ என்று கெஞ்சிய எச்சரிக்கை பலருக்கு நினைவிருக்கும். ஃபார்மை வாங்கிய சர்வர் அதற்கான பதில் பக்கத்தை நேரடியாகக் கொடுத்தால், ரிஃப்ரெஷ் செய்யும்போது ஃபார்ம் மறுபடியும் போகும். பணம் இரண்டு முறை கழியக்கூடும். வாங்கியதும் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் சிக்கல். டெவலப்பர் செய்ய வேண்டியதைப் பயனரின் தலையில் கட்டினார்கள்.

மாற்றம் ஒரு பத்திரிகை அலுவலகத்திலிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த சங்கதி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர். அங்குள்ள ‘லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட்’ நாளிதழின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003 வாக்கில் வேலை பார்த்தார்கள். செய்தியறை நாள் கணக்கில் கெடு கொடுக்கும், சில நேரம் மணிக்கணக்கில். ஒவ்வொரு தளத்துக்கும் லாகின், ஃபார்ம் சரிபார்ப்பு, பதிவுகளைத் திருத்தும் அட்மின் திரை என்று முதலிலிருந்து எழுத நேரமில்லை. பொதுவானதையெல்லாம் ஒரு ஃபிரேம்வொர்க்காகத் தனியே பிரித்து வைத்தார்கள். 2005 ஜூலையில் ஜாங்கோ என்ற பெயரில் அது வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, பேஸ்கேம்ப் என்ற செயலிக்காக எழுதியதிலிருந்து டேவிட் ஹைன்மையர் ஹான்சன் ரூபி ஆன் ரெயில்ஸைப் பிரித்தெடுத்திருந்தார். இரண்டுமே உண்மையான வேலையிலிருந்து கழன்று வந்தவை.

இவை வந்த பிறகு விதிகள் மனித ஞாபகத்திலிருந்து ஃபிரேம்வொர்க்குக்கு இடம்பெயர்ந்தன, அதுவும் ஒரே நாளில் அல்ல. திரைக்குப் போகும் எழுத்தைத் தானாகவே பாதுகாப்பாக்கும் வழக்கம் ஜாங்கோவில் 2008இல் வந்த 1.0 பதிப்பிலும் ரெயில்ஸில் 2010இல் வந்த 3ஆம் பதிப்பிலும் இயல்பாக அமைந்தது. ஃபார்மில் இல்லாத புலத்தையும் அனுப்பி டேட்டாபேஸில் எழுத வைக்கும் ஓட்டை ரெயில்ஸில் நெடுநாள் இருந்தது. 2012 மார்ச்சில் எகோர் ஹோமகோவ் என்ற டெவலப்பர் அதை வைத்து கிட்ஹப்பில் ரெயில்ஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே ஒரு பதிவைச் சேர்த்துக் காட்டினார். அனுமதித்த புலங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டால்தான் ஏற்பது என்று அடுத்த ஆண்டே 4ஆம் பதிப்பு மாறியது.

நடுவில் வந்த ஜாவாஸ்கிரிப்ட் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பந்தியில் உட்கார்ந்தவருக்கு அரிசியும் பருப்பும் அடுப்பும் கொடுத்து ‘நீங்களே பொங்கிக்கொள்ளுங்கள்’ என்ற விருந்து அது. விலையுயர்ந்த போனில் வெந்தது. மலிவான போனிலும் மங்கலான சிக்னலிலும் வெள்ளைத் திரைதான் மிஞ்சியது. ட்விட்டர் இதை முதலிலேயே உணர்ந்தது. 2012இல் பக்கத்தை மறுபடி சர்வரில் தயாரிக்கத் தொடங்கியதும், முதல் பக்கம் வர ஆகும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அந்த நிறுவனமே அறிவித்தது.

2016இல், ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மேல் கட்டிய நெக்ஸ்ட்.ஜே.எஸ். வந்தது; 2020இல் ரெயில்ஸ்காரர்களின் ஹாட்வயர் வந்தது; அதே ஆண்டு டிசம்பரில் ரியாக்ட் குழு, சர்வரிலேயே ஓடும் பக்கத் துண்டுகளான சர்வர் காம்போனென்ட்டுகளை அறிமுகப்படுத்தியது. பக்கம் சர்வருக்குத் திரும்பியது. பழைய சிக்கல்களும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தன. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸைத் தனித்தனியாகக் கூப்பிடுவது அன்றைய நோய். ஒன்றையொன்று சாராத மூன்று தகவல்களை ஒன்று முடிந்த பின் அடுத்தது என்று வரிசையில் காக்க வைப்பது இன்றைய நோய். மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் நேரம் மிச்சம். இன்று ஒரே பக்கத்தை சர்வரும் பிரவுசரும் தயாரிப்பதால், சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடி, பிரவுசர் இந்திய நேரத்தில் இருந்தால், இரண்டும் தயாரிக்கும் பக்கங்களில் ஐந்தரை மணி நேரம் முட்டிக்கொள்ளும். அன்றைய பி.எச்.பி.காரருக்கு இந்தத் தலைவலி தெரியாது.

ஆனால் பெரிய வேறுபாடு எல்லைக்கோட்டில்தான். அன்று சர்வர் நிரல் ஒரு ஃபைல், பிரவுசர் நிரல் வேறு ஃபைல். பெரும்பாலும் மொழியே வேறு. இன்று இரண்டும் ஒரே மொழி, பக்கத்துப் பக்கத்து ஃபைல்கள். பயனரின் பெயரை மட்டும் காட்ட வேண்டிய பிரவுசர் காம்போனென்ட்டுக்கு முழுப் பயனர் பதிவையும் தூக்கிக் கொடுத்தால், திரையில் தெரியாவிட்டாலும் கடவுச்சொல்லின் ஹேஷ் உட்பட எல்லாமே பயனரின் கணினிக்குப் போய்ச் சேரும். சர்வர் ஆக்‌ஷன் என்று குறித்த ஃபங்ஷன் பார்ப்பதற்கு வீட்டுக்குள் கூப்பிடும் சாதாரண ஃபங்ஷன் மாதிரி இருக்கும். உண்மையில் அது யாரும் வெளியிலிருந்து தட்டக்கூடிய முகவரி. அனுமதிச் சோதனை அதற்குள்ளேயே இருக்க வேண்டும். பட்டனை மறைத்துவைத்தால் போதாது.

2025 மார்ச்சில் நெக்ஸ்ட்.ஜே.எஸ். மிடில்வேரில், அதாவது கோரிக்கை பக்கத்தை எட்டும் முன் ஓடும் நிரலில், வெளிப்பட்ட பிழையும் இதே வகை. கோரிக்கையோடு ஒரு குறிப்பிட்ட ஹெடரைச் சேர்த்து அனுப்பினால் மிடில்வேர் சோதனையே ஓடாமல் போயிற்று. வாசலில் மட்டும் லாகினைச் சோதித்த செயலிகள் திறந்து கிடந்தன. டேட்டாவை எடுக்கும் இடத்திலும் இன்னொரு முறை சோதித்தவர்களுக்கு அது வெறும் செய்தி.

அதே ஆண்டு டிசம்பரில் வந்ததற்கு இந்த ஒழுக்கமும் உதவவில்லை. ரியாக்ட் சர்வர் காம்போனென்ட்டுகள் பிரவுசரிலிருந்து வரும் தரவைப் பிரித்துப் படிக்கும் விதத்திலேயே ஓட்டை இருந்தது. லாகின் இல்லாமல், ஒரு கோரிக்கையை அனுப்பியே சர்வரில் தன் நிரலை ஓட்ட முடியும். ஓட்டையின் தீவிரத்துக்குக் கொடுத்த மதிப்பெண் 10க்கு 10. சர்வர் ஃபங்ஷன் ஒன்றுகூட எழுதாத செயலிகளும் பாதிக்கப்படக்கூடியவையாக இருந்தன. பி.எச்.பி. காலத்தில் பதிப்பு மாற்றுவது பெரும்பாலும் ஹோஸ்டிங்காரர் பாடு. இந்தமுறை, சொந்த நிரலில் ஒரு குறையும் வைக்காத டெவலப்பர்களும் மற்ற வேலைகளை அப்படியே போட்டுவிட்டுப் புதிய பதிப்பை ஏற்ற வேண்டியிருந்தது.