பூட்டிக் கிடக்கும் வீக்கெண்ட் வீடு: சோலார் பேட்டரியை எப்படி விட்டுட்டு வரணும்?

புனேயில் வேலை, முல்ஷி பக்கம் சின்னதா ஒரு வீக்கெண்ட் வீடு, அதில் சோலார். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்தப் பக்கமே போக மாட்டீங்க. அதுவரை லித்தியம் பேட்டரி என்ன ஆகும்?

ஃபுல் சார்ஜில் விடலாமா?

வேண்டாம். ஃபுல்லா வைக்கணும் என்பது பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கான பழக்கம். லித்தியம் நேர்மாறு: ஃபுல் சார்ஜோடு சூடும் சேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். 50 சதவீதம் போதும்.

எது காலி பண்ணும்?

பெரும்பாலும் இன்வெர்ட்டர்தான். லைட், ஃபேன் ஓடாவிட்டாலும் அது சும்மா 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி சார்ஜ் என்பது 640 வாட்-ஹவர். மூன்று நாள்கூட தாங்காது. தொடர் மழையில் பேனல் அதை ஈடுகட்டாமல் போகலாம். அடியோடு காலியான செல்லை மறுபடி சார்ஜ் செய்தால் உள்ளே ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு.

கிளம்பும் முன்?

• முதலில் பேனலைத் துண்டிங்க. அடுத்து இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி, கடைசியில் பேட்டரி கேபிளைக் கழற்றுங்க.

• தகரக் கூரைக்கு அடியில் வேண்டாம். ஈரம் ஏறாத அறையில், தரையிலிருந்து உயரமா வைங்க.

• பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் சர்க்யூட்டும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றுங்க.