ஆய்தத்துக்கு இன்னொரு பெயர்

நம் நாஞ்சில் நாட்டு நிலப் பத்திரங்களில் ‘தாணு என்ற தாணுமாலயன்’ என்பதுபோல் ஒருவருக்கே இரண்டு பெயர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பெயரை அடித்துவிட்டால் என்ன? அந்தப் பெயரில்தானே பட்டாவும் மூலப்பத்திரமும் இருக்கின்றன! அடித்தால் அவை யாருடையவை என்ற கேள்வி வந்துவிடும்.

கணிப்பொறி உலகிலும் இப்படி ஒரு சங்கடம் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண்ணும் பெயரும் கொடுத்து வெளியிடப்படும் பட்டியல் யூனிகோடு. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் ஃ-இன் எண் 2947. பெயர் என்ன தெரியுமா? ‘தமிழ் விசர்க்கக் குறி’!

விசர்க்கம் வடமொழிக்குரியது, இன்னோர் எழுத்தை ஒட்டியே வருவது. ஆய்தமோ தனி எழுத்து. இன்று ‘ஃபேன்’ என்று சொல்லின் முதலிலும் எழுதுகிறோம். பெயரை மட்டும் நம்பிப் புரோகிராம் எழுதுபவர் ‘இது தனித்து வராது’ என்று முடிவு செய்தால், திரையில் நம் சொல் சிதைந்துபோகும்.

ஒரு சொல்தானே, திருத்திவிடலாமே என்கிறீர்களா? முடியாது. 1996-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல், வெளியிட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது விதி. புரோகிராம்கள் அந்தப் பெயரைக் கொண்டும் எழுத்தைத் தேடுகின்றன. பெயர் மாறினால் தேடியது கிடைக்காது. வேறொரு குறியின் பெயரில் ‘பிராக்கெட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகள் இடம் மாறி வெளியாகிவிட்டன. அந்தப் பிழை இன்றும் நிற்கிறது. சரியான வடிவம் மாற்றுப் பெயராகச் சேர்க்கப்பட்டது. ஃ-இன் பெயருக்குக் கீழேயும் ‘ஆய்தம்’ என்று ஒரு குறிப்பு உண்டு. பத்திரத்தில் வரும் ‘என்ற’ போலத்தான்!

ஆகவேதான் கணிப்பொறிக் கையேடுகளில் ஒரு சொல்லை மாற்றினாலும், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொருவர் சரிபார்க்கிறார். அவர் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்: பொருள் மாறுகிறதா? படிப்பவர் செய்யும் செயல் மாறுகிறதா? பழைய சொல்லை நம்பி வேறு ஏதேனும் இருக்கிறதா?

நீங்களும் சரிபார்த்துப் பாருங்களேன். ஆய்வகக் குறிப்பேட்டில், ‘நீரை 60 டிகிரி வரை சூடாக்குக’ என்பதை, ‘நீரை 60 டிகிரியில் சூடாக்குக’ என்று உங்கள் நண்பர் மாற்றுகிறார். மாறியது ஒரு சிறு சொல்தான். ஆனால், பர்னரை எப்போது அணைப்பீர்கள்?