மழையச்சமும் அதனை வெல்லும் வழிகளும்

மழையைப் போற்றி வாழ்ந்த மரபு நம்முடையது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து, இரண்டாம் அதிகாரமாக 'வான் சிறப்பு' என்பதையே வைத்தார். அத்தகைய மழையைக் கண்டு ஒரு குழந்தை நடுங்குகிறது என்றால், கேட்போர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் இது நகைப்புக்குரிய செய்தியன்று என்பதை நாம் நம் பள்ளியிலேயே கண்டறிந்தோம். பெற்றோருக்கும் மாணவர்க்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் அதனை ஈண்டு விளக்க விழைகிறோம்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுவில் பெய்த பெருமழையால் சிலாங்கூர் மாநிலத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை யாவரும் அறிவர். அவ்வேளையில் நம் மாணவன் ஒருவன் விடுமுறைக்காக ஷா ஆலமில் உள்ள தன் அத்தை வீட்டில் தங்கியிருந்தான். இரவில் நீர் வீட்டினுள் புகுந்தது. மாடியில் ஓர் இரவும் ஒரு பகலும் பசியோடு காத்திருந்த பின்னரே படகில் மீட்கப்பட்டனர். 2022இல் பள்ளி திறந்தபோது அவன் மூன்றாம் ஆண்டு மாணவன். வானம் சற்றே கறுத்தாலும் அவன் முகம் வெளுத்துவிடும். எழுதுகோல் கையினின்று நழுவிவிடும். "ஐயா, நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று அழத் தொடங்குவான்.

நாம் அவன் மீது இரக்கங்கொண்டோம். மழைக்குறி தென்பட்டவுடன் அவன் பாட்டியை அழைத்து, அவனை வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். நன்மை செய்வதாகவே எண்ணினோம். ஆனால், இரண்டு மாதங்களில் அவன் அச்சம் குறையவில்லை, பெருகிற்று. காலையில் மேகத்தைக் கண்டாலே பள்ளிக்கு வர மறுத்தான். வருகைப் பதிவேட்டில் வெற்றிடங்கள் கூடின. அப்பொழுதுதான் நாம் செய்தது தவறு என உணர்ந்து, அச்சத்தைப் பற்றி முறையாகக் கற்கத் தலைப்பட்டோம்.

அச்சம் எவ்வாறு தோன்றுகிறது?

அச்சம் இயற்கை நமக்களித்த காவலன். நம் மூளையில் வாதுமைப் பருப்பின் வடிவில் 'அமிக்டலா' என்னும் சிறு பகுதி உள்ளது. இடரை உணர்ந்ததும் உடலுக்கு எச்சரிக்கை விடுப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு. உடனே நெஞ்சு படபடக்கும், மூச்சு விரையும், உள்ளங்கை வியர்க்கும். ஓடவோ எதிர்க்கவோ உடல் அணியமாகிறது. பாம்பைக் கண்டவன் ஆராய்ந்துகொண்டு நில்லாமல் துள்ளி விலகுவது இதனாலேயே.

ஆனால், இக்காவலன் சில வேளைகளில் பாடத்தைத் தவறாகக் கற்றுவிடுகிறான். நம் மாணவனுக்குத் தீங்கு செய்தது வெள்ளம். அவன் மூளையோ வெள்ளத்தோடு நின்றுவிடாமல் மழையின் ஓசை, கருமேகம், ஈரக்காற்று ஆகிய அனைத்தையும் இடர்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எனவே சிறு தூறலும் அவனுக்குப் பெருவெள்ளமாயிற்று. அவன் கோழையல்லன், அவன் மூளை அளவுக்கு மீறி எச்சரிக்கையாக இருந்தது, அவ்வளவே.

வெள்ளத்தைக் காணாத குழந்தைக்கும் இவ்வச்சம் வரலாம். துத்தநாகத் தகரக் கூரையில் பெருமழை விழும் பேரோசையே ஒரு சிறு குழந்தையை அச்சுறுத்தப் போதுமானது. பெரியோரின் முகத்தைப் பார்த்தும் குழந்தைகள் அச்சத்தைக் கற்கின்றனர். நாம் சிறுவராயிருந்த காலத்தில் நம் பெற்றோர் ரப்பர் மரம் சீவினர். மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டில் நில்லாது வழிந்து வீணாகும்; மழை கொட்டினால் கோப்பையில் நீர் கலக்கும். ஆகவே விடியற்காலை மழை என்றால் அன்று வேலையில்லை, பல வேளைகளில் கூலியும் இல்லை. இருளில் தகரத்தின் மேல் முதல் துளி விழுந்ததும் அம்மா விடும் பெருமூச்சு இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. மழை என்றால் ஏதோ கேடு என்னும் எண்ணம் அப்பெருமூச்சிலிருந்தே நம்முள்ளும் நெடுநாள் தங்கியிருந்தது.

விலகி ஓடினால் அச்சம் வளர்வது ஏன்?

மழை வருமுன் வீட்டுக்கு ஓடிய மாணவனுக்கு உடனே ஒரு நிம்மதி கிட்டியது. 'ஓடினேன், அதனால்தான் பிழைத்தேன்' என்று அவன் மூளை எழுதிக்கொண்டது. வகுப்பிலேயே இருந்திருந்தாலும் ஒரு தீங்கும் நேர்ந்திராது என்பதைக் கற்கும் வாய்ப்பை நம் இரக்கமே பறித்துவிட்டது. அச்சத்திற்கு நாமே உரமிட்டோம் எனலாம்.

அதற்காகக் குழந்தையை மழையில் இழுத்து நிறுத்துவதும் தகாது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையில், கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தனர். இறுதியில் அவன் முயலைத் தன் கையால் தொட்டு விளையாடினான். பின்னர், தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் உடலைத் தளர்த்தி அமைதியுறச் செய்துகொண்டே அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையை வகுத்து, 1958இல் நூலாக வெளியிட்டார். 'சிறுகச் சிறுக' என்பதே இவ்விரு வழிகளின் சாரம்.

படிப்படியாக ஏறும் ஏணி

இம்முறையைப் பின்பற்றி, அம்மாணவனோடும் அவன் பெற்றோரோடும் கலந்து பேசி ஓர் ஏணியை அமைத்தோம். முதற்படி, மழையைப் படமாக வரைதல். இரண்டாம் படி, பதிவு செய்த மழையோசையை மெல்லிய ஒலியில் கேட்டுப் பின் ஒலியைக் கூட்டுதல். மூன்றாம் படி, தூறலைச் சன்னல் வழியே நோக்குதல். நான்காம் படி, ஆசிரியரின் கைபற்றி நடைகூடத்தில் நிற்றல். ஐந்தாம் படி, கூரையோரம் உள்ளங்கையை நீட்டி மழைநீரைப் பிடித்தல். ஆறாம் படி, குடை பிடித்துச் சிற்றுண்டிச்சாலை வரை நடத்தல். ஏழாம் படி, பெருமழை பெய்யும்போதும் வகுப்பிலிருந்து பாடத்தைத் தொடர்தல்.

ஒவ்வொரு படியிலும் அச்சத்திற்கு 0 முதல் 10 வரை அவனே புள்ளியிடுவான். 8 என்றவன் 4 என்று சொல்லும்வரை அங்கேயே இருப்போம். அடுத்த படிக்கு விரைய மாட்டோம். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடும் பயிற்சியையும் கற்பித்தோம். அவன் அழுத நாள்கள் உண்டு. ஒரு படி இறங்கிய நாள்களும் உண்டு. அந்நாள்களில் ஒருவரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

அறிவும் அச்சத்தைத் தணிக்கும். நெகிழிப் புட்டியை வெட்டி ஒரு மழைமானி செய்து, அதன் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீராகும் என்பதை அவனே பிற மாணவர்க்கு விளக்கினான். அளக்கத் தெரிந்த ஒன்றின் மீது அச்சம் குறைவது இயல்பு. அவ்வாண்டின் இறுதிப் பருவத்தில் மழைக்காக அவன் ஒருநாளும் விடுப்பெடுக்கவில்லை. இடி முழங்கினால் இன்றும் அவன் தோள்கள் சற்றே குலுங்கும். ஆயினும் எழுதுகோல் கையைவிட்டு நழுவுவதில்லை.

வேண்டிய அச்சம் எது?

'அஞ்சாதே' என்று மட்டும் போதித்தல் பாதி அறிவேயாகும். நம் நாட்டில் இடிமின்னல் மிகுதி. மின்னல் தோன்றிய பின் இடியோசை கேட்கும் வரை எண்ணுங்கள். ஒலி 1 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 நொடியாகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் அண்மையில் உள்ளது என்று பொருள். திடலையும் மரத்தடியையும் விட்டுக் கட்டடத்தினுள் செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் வரை உள்ளேயே இருக்க வேண்டும். பெருகி ஓடும் கால்வாயிலும் ஆற்றிலும் இறங்கலாகாது. இவை அச்சமல்ல, அறிவுடைமை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா?' என்று கேட்காதீர்கள். மழையைக் காட்டி மிரட்டிச் சோறூட்டாதீர்கள். குழந்தையின் அச்சத்தைச் செவிமடுத்துக் கேளுங்கள். அச்சம் ஆறு மாதத்திற்கு மேல் நீடித்துப் படிப்பையும் உறக்கத்தையும் கெடுத்தாலோ, வெள்ளம் போன்ற பேரிடருக்குப் பின் தீக்கனவுகள் தொடர்ந்தாலோ, காலந்தாழ்த்தாமல் அரசாங்க மருத்துவ நிலையத்தை நாடுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்ல நாணாத நாம், மனநோவுக்கு மட்டும் நாணுவது ஏன்?

அன்பு மாணவச் செல்வங்களே! உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் தோழன் மழைக்கோ இருளுக்கோ வேறெதற்கோ அஞ்சினால் எள்ளி நகையாடாதீர்கள். அவன் பக்கத்தில் சென்று நில்லுங்கள். நம் மாணவன் முதன்முறை நடைகூடத்திற்கு வந்து மழையை நோக்கியபோது, அவன் ஒரு கையை ஆசிரியர் பற்றியிருந்தார். மறு கையைப் பற்றியிருந்தவன் அவன் வகுப்புத் தோழன். யாரும் சொல்லாமலே அவன் வந்து நின்றான். அதுவே நம் பள்ளி கற்பிக்க விரும்பும் பாடம்.