அன்று ராணிக்குச் சிதை. இன்று பட்டாளத்துக்காரர் மனைவிக்குப் பென்சன்!

செஞ்சி:-

செஞ்சிக்கு வடக்கே சில கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது சிங்கவரம். குன்றைக் குடைந்து எடுத்த பல்லவர் காலத்துக் கோவில். உள்ளே ரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜாவுக்கு இவர்தான் இஷ்ட தெய்வம்.

1714-ம் ஆண்டு. கப்பப் பாக்கி தகராறு முற்றி, ஆற்காடு நவாப் சாதத்துல்லாகான் படையோடு வந்துவிட்டார். தேசிங்குக்கு வயது 22தான். சண்டைக்குப் போகுமுன் சிங்கவரம் வந்து சாமியிடம் உத்தரவு கேட்டாராம். சாமி முகத்தைத் திருப்பிக் கொண்டாராம்! "போகாதே" என்று அர்த்தம். ராஜா கேட்கவில்லை. போனார்; மாண்டார். உயிர்த் தோழன் மகபத்கானும் களத்திலேயே விழுந்தான்.

செட்டிகுளம் கரையில் ராஜாவின் உடலுக்குத் தீ மூட்டினார்கள். இளம் ராணி அதே தீயில் இறங்கி உயிரை விட்டாள். அவள் நினைவாக வந்த பெயர்தான் ராணிப்பேட்டை என்பார்கள்.

பாட்டில் வராத பெண்கள்

ராணிக்கு ஒரு ஊரே பெயரில் நிற்கிறது. ராஜாவின் குதிரைக்குக்கூட நாட்டுப்பாட்டில் இடம் உண்டு. ஆனால் அன்று களத்தில் செத்த சாதாரண சிப்பாய்களின் பெண்டாட்டி, பிள்ளைகள் என்ன ஆனார்கள்? பாட்டுக்காரர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

கோட்டைக்குள் போனால் வரிசை வரிசையாகக் கட்டிய அறைகள், நெல் கொட்டிய களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், ஆனைக்குளம் எல்லாம் இன்னும் பார்க்கலாம். படையைக் கட்டிக் காக்க இவ்வளவும் வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான்.

எவ்வளவு கிடைக்கும்?

இன்றைக்குப் பட்டாளத்துக்காரர் இறந்தால் அவர் மனைவி நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. குடும்ப பென்சன் உண்டு.

சாதாரணமாக இறந்தால், முதல் சில வருடங்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி வரை கிடைக்கும். அதன் பிறகு 30 சதவீதம். ராணுவ வேலை காரணமாக உயிர் போனால் 60 சதவீதம். எதிரியோடு நடந்த சண்டையில் உயிர் போனால், கடைசிச் சம்பளம் முழுவதுமே பென்சன்! 7-வது சம்பளக் கமிஷன் 2016 முதல் வைத்த கணக்குப்படி குடும்ப பென்சன் மாதம் 9 ஆயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. அகவிலைப்படி தனி.

இது தவிர, 2003 ஏப்ரல் 1-ந்தேதி தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. மிலிட்டரி கேண்டீன் அட்டை இருக்கிறது. வேலையில் இருப்பவர்களின் குடும்பம் தங்க சுமார் 2 லட்சம் வீடுகள் கட்டும் திட்டத்தை மத்திய அரசு 2002-ல் கொண்டு வந்தது.

முடிச்சு எங்கே?

சட்டம் சரி, சலுகையும் சரி. சிக்கல் எல்லாம் ஒரு பெயரில் வந்து விழுகிறது.

பட்டாளத்தில் கொடுத்த காகிதத்தில் மனைவி பெயர் "முனியம்மா". ஆதாரில் "முனியம்மாள்". ஓர் இங்கிலீஷ் எழுத்து கூடக் குறைய. "பேருல என்னங்க இருக்கு?" என்று விட்டு விடுகிறார்கள். புருஷன் உயிரோடு இருக்கும் வரை இது சின்ன வேலை. ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்திக் கொள்ளலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது வெலிங்டனில் இருக்கிறது. அவர் கண்ணை மூடிய பிறகு என்றால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி பஸ் ஏறி ஏறி அலைய வேண்டும்.

கல்யாணத்தை யூனிட்டில் பதியாமலே விட்டவர்களும் உண்டு. பென்சன் உத்தரவில் மனைவி பெயர் இல்லாவிட்டால், அவள்தான் மனைவி என்பதையே அவள் நிரூபிக்க வேண்டி வரும்! ஊனமுற்ற பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப பென்சன் உண்டு. அதையும் முன்கூட்டியே பதிந்து வைத்தால் பின்னால் தொல்லை இல்லை.

இன்னொரு கண்ணி, உயிர்வாழ் சான்று. பென்சன் இப்போது "ஸ்பர்ஷ்" என்ற கம்ப்யூட்டர் முறையில் வருகிறது. வருடத்துக்கு ஒரு தடவை "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று காட்டாவிட்டால் பணம் நின்றுவிடும். செல்போனில் முகத்தைக் காட்டியே இதை முடிக்கலாம். பேரப்பிள்ளை உதவினால் போதும்.

எங்கே கேட்பது?

செஞ்சி வட்டாரத்துக்காரர்களுக்கு விழுப்புரத்தில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. விதவை அடையாள அட்டையும் அங்கேதான். இடைத்தரகரிடம் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. 1949 முதல் டிசம்பர் 7-ந்தேதி சட்டையில் குத்திக் கொள்ளும் கொடிக்கு ஜனங்கள் போடும் காசும் இந்தக் குடும்பங்களுக்காகத்தான்.

வீட்டில் பட்டாளத்துக்காரர் இருக்கிறாரா? பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை இன்றைக்கே இறக்குங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்சன் உத்தரவையும் எடுத்து, மனைவி பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். எழுத்து ஒன்று மாறியிருந்தாலும், அவர் இருக்கும்போதே அவர் கையெழுத்தை வாங்கி அனுப்பி விடுங்கள்.