சர்வரில் ஏற்றியதும் தமிழ் ஏன் கேள்விக்குறியாகிறது?

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு இணையதளம் வேண்டுமென்றால் வாடகை சர்வர் ஒன்றும், இலவசத் திறமூல மென்பொருள் ஒன்றும் போதும். வம்பு தரவுத்தளத்தில்தான். பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளின் இயல்பு அமைப்பு லத்தீன் எழுத்துகளுக்கானது. அதில் ‘மல்லிகை’யைச் சேமித்தால் ‘???????’ என்று வரும்.

ஏன் ஏழு? நம் கண்ணுக்கு நாலெழுத்து. யூனிகோடுக்கோ ம, ல, புள்ளி, ல, இகரக் கொக்கி, க, ஐகாரக் கொம்பு என 7 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். லத்தீன் பட்டியலில் இவற்றுக்கு இடமே இல்லை. ஆளுக்கொரு கேள்விக்குறி விழுகிறது. அப்படி அழிந்த சொல் திரும்பாது.

ஆகவே தரவுத்தளத்தை உருவாக்கும்போதே ‘யுடிஎஃப்8எம்பி4’ என்ற எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பு முதல் அதுவே இயல்பு. முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய மலேசியாவில் இன்னுமா இந்தக் கேள்விக்குறிகள்!