வாடகைக் காரைத் திருப்பி ஒப்படைக்கும்போது தகராறா? வைப்புத்தொகையில் எவ்வளவு பிடிக்கலாம்? சட்டம் சொல்வது என்ன?

வாரயிறுதிப் பயணம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை இரவு வாடகைக் காரைத் திருப்பி ஒப்படைக்கிறார் ஒருவர். போக்குவரத்து நெரிசலால் இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டது. இருட்டில் காரைச் சுற்றிப் பார்க்கும் ஊழியர் "சரி" என்று கூறிச் சாவியைப் பெற்றுக்கொள்கிறார். மூன்று நாள்கள் கழித்து மின்னஞ்சல் வருகிறது. பின்பக்க பம்பரில் கீறல், தாமதக் கட்டணம், உள்பகுதியைச் சுத்தம் செய்த செலவு எனக் கணக்கிடப்பட்டு, வைப்புத்தொகை முழுவதும் கழிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலும் பணம் செலுத்துமாறு கோரப்படுகிறது.

ஓட்டுநர் இன்றித் தாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களைப் பயன்படுத்துவோர் எழுப்பும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவையே. குறித்த நாளில் கார் திரும்பி வரவில்லை, நொறுங்கிய நிலையில் வந்தது என்று உரிமையாளர்களும் முறையிடுகின்றனர். இத்தகைய தகராறுகளில் யாருக்கு என்ன பொறுப்பு, எவ்வளவு தொகை கேட்க முடியும் என்பதைப் பல சட்டங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு

காரை வாடகைக்கு எடுப்பது, பிறர் பொருளைப் பொறுப்பேற்றுப் பயன்படுத்தித் திருப்பித் தரும் ஒப்பந்தமாகும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கான விதிகளை வகுத்துள்ளது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்துடன் வைத்துக்கொள்வாரோ, அதே கவனத்தைக் காட்ட வேண்டும் என்கிறது பிரிவு 151. அவ்வாறு கவனமாக இருந்தும் சேதம் நேர்ந்தால், வேறுவிதமான சிறப்பு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவர் பொறுப்பாக மாட்டார் என்கிறது பிரிவு 152.

வாடகை நிறுவனங்களின் நிபந்தனைகள் பெரும்பாலும் அந்தச் சிறப்பு ஒப்பந்தமாகவே அமைகின்றன. யார் தவறாயினும் குறிப்பிட்ட தொகை வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்ற வாசகம் அவற்றில் இடம்பெறுவது வழக்கம்.

தாமதமும் சிறிய விஷயமன்று. தம் தவறால் உரிய நேரத்தில் பொருளைத் திருப்பித் தராதவர், அந்த நேரத்திலிருந்து நிகழும் இழப்புக்கும் சேதத்துக்கும் பொறுப்பாவார் எனப் பிரிவு 161 கூறுகிறது. ஆகவே தாமதமாகும் எனத் தெரிந்தால், நேரம் முடிவதற்கு முன்பே செயலி வழியாகவோ எழுத்து மூலமாகவோ நீட்டிப்புப் பெறுவது அவசியம்.

அபராதத் தொகைக்கு வரம்பு உண்டா?

"கையெழுத்திட்டுவிட்டீர்கள், எனவே கட்டியாக வேண்டும்" என்பதே நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் பதில். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெற முடியும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74. அதாவது, ஒப்பந்தத்தில் உள்ள தொகை உச்சவரம்பாகவே கருதப்படும்.

டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிராகக் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் தொடுத்த வழக்கில் 2015-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இழப்பு ஏற்பட்டிருந்தால்தான் இந்தப் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்க முடியும் என்றும், இழப்பை நிரூபிக்கக்கூடிய சூழலில் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் விளக்கியது. அந்த வழக்கு நில ஏலத்தின் முன்பணம் தொடர்பானது. எனினும் அதில் வகுக்கப்பட்ட கோட்பாடு மற்ற ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும். பம்பர் கீறலைச் சரிசெய்ய ஆன செலவைப் பணிமனை ரசீது மூலம் காட்ட முடியும் என்பதால், ரசீதைக் கேட்பது வாடிக்கையாளரின் நியாயமான கோரிக்கையே.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மேலும் ஒரு படி செல்கிறது. வெளிப்படையாகவே மிகையான வைப்புத்தொகையைக் கேட்பதும், ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை விதிப்பதும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற வரையறைக்குள் வருகின்றன.

காப்பீடு இருந்தும் பணம் கேட்பது ஏன்?

காருக்கு முழுமையான காப்பீடு இருக்கும்போது வாடிக்கையாளரிடம் ஏன் பணம் கேட்கிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. சிறு சேதத்துக்குக் காப்பீட்டுக் கோரிக்கை எழுப்பினால், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான பிரீமியச் சலுகையை உரிமையாளர் இழக்க நேரிடும். மேலும் வழக்கமான பாலிசியில், பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும். இந்தக் காரணங்களால் சிறு சேதங்களின் செலவு வாடிக்கையாளர் மீதே சுமத்தப்படுகிறது. எந்தத் தொகை வரை தம் பொறுப்பு, அதற்கு மேல் காப்பீடு எப்போது நடைமுறைக்கு வரும் என்பதை முன்பதிவின்போதே அறிந்துகொள்வது நல்லது.

கார் திரும்பிய பிறகு வரும் கட்டணங்கள்

போக்குவரத்து விதிமீறலுக்கான மின்னணு ரசீது வாகன உரிமையாளரின் பெயருக்கே முதலில் செல்லும். அப்போது வாகனத்தை ஓட்டியவர் யார் என்ற தகவலைக் கேட்கும் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டிய கடமை, மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 133-இன்படி உரிமையாளருக்கு உண்டு. ஃபாஸ்டேக் சுங்கக் கட்டணமும் உரிமையாளரின் கணக்கிலேயே கழிக்கப்படும். இவற்றை வாடிக்கையாளரிடம் வசூலிப்பது முறையானதே. எனினும் விதிமீறல் நடந்த நாளும் நேரமும் தம் வாடகைக் காலத்துக்குள் வருகின்றனவா என வாடிக்கையாளர் சரிபார்க்க வேண்டும்.

எண் பலகையைக் கவனியுங்கள்

தாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகள் இருக்கும். வெள்ளைப் பலகை கொண்ட சொந்தப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு விடுவது அனுமதிச் சீட்டு விதிகளை மீறுவதாகும். அத்தகைய காரில் விபத்து நேர்ந்தால், வாடகைப் பயன்பாட்டைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நிராகரிக்கக்கூடும். அப்போது முழுச் செலவும் யாருடையது என்ற தகராறு இன்னும் பெரிதாகிறது.

காரைத் திருப்பித் தராவிட்டால்?

சில மணி நேரத் தாமதம் உரிமையியல் தகராறு மட்டுமே. நேர்மையற்ற நோக்கத்துடன் காரை அடகு வைப்பதோ விற்பதோ நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 316 இதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகைசெய்கிறது. இதனாலேயே ஜிபிஎஸ் கருவி பொருத்துவதையும் அடையாளச் சான்றுகளைச் சரிபார்ப்பதையும் உரிமையாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

எங்கு முறையிடலாம்?

இணையவழித் தளம் மூலம் முன்பதிவு செய்திருந்தால், முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் பெறப்பட்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியது அவரது கடமை.

அடுத்த கட்டமாக, தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம். அந்த மையம் நிறுவனத்துடன் பேசித் தீர்வு காண முயலும். உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கே உண்டு. வாடிக்கையாளர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை எனில் கட்டணம் இல்லை. ஒப்பந்த நிபந்தனையையே நியாயமற்றது என அறிவிக்கக் கோருவதானால் மாநில ஆணையத்தை நாட வேண்டும்.

சான்றே துணை

கீறல் எப்போது விழுந்தது என்பதே இவ்வழக்குகளின் மையக் கேள்வி. காரைப் பெறும்போதும் ஒப்படைக்கும்போதும் வெளிச்சமான இடத்தில் நான்கு பக்கங்கள், மேற்கூரை, சக்கரங்கள், கண்ணாடி, இருக்கைகள் ஆகியவற்றைக் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும். ஓடிய கிலோமீட்டரும் எரிபொருள் அளவும் அதில் தெரிய வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல்களை ஒப்படைப்புப் படிவத்தில் குறிக்கச் செய்து, திருப்பித் தரும்போது ஊழியரின் கையெழுத்தையோ செயலியின் உறுதிச் செய்தியையோ பெற வேண்டும்.

படங்களை வேறு கைபேசிக்கு அனுப்பினாலும், எடுத்த கருவியிலிருந்து மூலப் பதிவை அழிக்கக் கூடாது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் பிரிவு 63 கோரும் சான்றிதழில் அந்தக் கருவியின் விவரம் கேட்கப்படும். சாவியைக் கொடுக்கும் முன் இதற்காகச் செலவிடும் பத்து நிமிடங்கள், பின்னர் வைப்புத்தொகைக்காக மாதக்கணக்கில் அலைவதைத் தவிர்க்கும்.